21 நாள் கெடுவுக்குள் கண்டறியப்பட்ட பிறவி சைட்டோமெகலோ வைரஸ் தொற்று: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படுவது தனியொரு குழந்தையின் மருத்துவக் குறிப்பு அன்று. பிறவித் தொற்றுடன் பிறக்கும் குழந்தைகளிடம் மீண்டும் மீண்டும் தென்படும் கூறுகளையும், அவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் சறுக்கும் இடங்களையும் சேர்த்து, கற்பித்தலுக்காகத் தொகுக்கப்பட்ட நிகழ்வு இது. நோயின் அரிய தன்மைக்காக இதை எழுதவில்லை. சைட்டோமெகலோ வைரஸ் அரிய நோயே அன்று. கருவிலேயே தொற்றும் வைரஸ்களில் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது அதுதான். சரியான ஐயம் எழுந்தும் தவறான மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியதால் நோய் ஏறத்தாழ நழுவிப்போனது என்பதே இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது.

பிறப்பும் முதல் வாரமும்

தாய்க்கு வயது 27. இது இரண்டாவது பேறு. முதல் குழந்தைக்கு இரண்டரை வயது, பகல்நேரக் காப்பகத்துக்குச் சென்று வருகிறது. கர்ப்பத்தின் 10-ஆவது வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சைட்டோமெகலோ வைரஸுக்கு எதிரான ஐஜிஜி (தொற்றுக்குப் பின் நீண்ட காலம் நிலைக்கும் எதிர்ப்புப் புரதம்) இருப்பதாகவும் ஐஜிஎம் (புதிய தொற்றில் முதலில் உண்டாகும் எதிர்ப்புப் புரதம்) இல்லை என்றும் அறிக்கை வந்தது. 'பழைய தொற்று, பாதுகாப்பு உண்டு' என்று கர்ப்பகாலப் பதிவேட்டில் ஒருவர் எழுதி வைத்திருந்தார். 34-ஆவது வார அல்ட்ராசவுண்டில் சிசுவின் வளர்ச்சி பின்தங்கியிருந்தது. ஆனால் கொப்பூழ்க்கொடித் தமனியின் இரத்த ஓட்டத்தில் குறை ஏதும் இல்லை. தாய்க்கு இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ இல்லை. காய்ச்சல் வந்ததாக நினைவும் இல்லை.

38 வாரங்கள் முடிந்த நிலையில் இயல்பான பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2,150 கிராம். பிறந்ததும் நன்றாக அழுதது. மூச்சுத் திணறல் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து மார்பிலும் வயிற்றிலும் ஊசிமுனை அளவிலான செம்புள்ளிகளைச் செவிலியர் கவனித்தார். அழுத்தினால் மறையாத புள்ளிகள். கல்லீரல் விலா விளிம்பிலிருந்து 3.5 செ.மீ. கீழேயும், மண்ணீரல் 2 செ.மீ. கீழேயும் தொட்டுணர முடிந்தது.

இரண்டாம் நாள் இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 46,000 மட்டுமே இருந்தன. மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் மொத்தம் டெசிலிட்டருக்கு 7.8 மி.கி.; அதில் நேரடி பிலிருபின், அதாவது கல்லீரல் பதப்படுத்தியும் வெளியேறாமல் தேங்கிய பகுதி, 2.9 மி.கி. கல்லீரல் நொதியான ஏஎல்டி 148. ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் இயல்பான அளவில் இருந்தன. கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியிருக்கலாம் என்ற எச்சரிக்கையுடன் ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டு, 48 மணி நேரத்தில் இரத்த வளர்ப்பில் எதுவும் வளராததால் நான்காம் நாள் நிறுத்தப்பட்டது. இரத்தக் கசிவு இல்லாததாலும் எண்ணிக்கை 25,000-க்கு மேல் இருந்ததாலும் தட்டணுக்கள் ஏற்றப்படவில்லை.

அதே இரண்டாம் நாளில், பிறவித் தொற்றாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் மருத்துவக் குழுவுக்கு எழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணம் எழுந்தவுடன் வழக்கப்படி 'டார்ச் பேனல்' (பல பிறவித் தொற்றுகளை ஒரே இரத்த மாதிரியில் தேடும் சோதனைத் தொகுப்பு) என்ற பெயர் மட்டும் கோரிக்கைச் சீட்டில் எழுதப்பட்டு, குழந்தையின் இரத்தம் ஆய்வகத்துக்குப் போனது. ஐந்தாம் நாள் வந்த அறிக்கையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ரூபெல்லா வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ் மூன்றுக்கும் ஐஜிஜி உண்டு, ஐஜிஎம் இல்லை. 'பிறவித் தொற்று இல்லை' என்ற வரி அன்றைய பதிவில் சேர்ந்தது. ஏழாம் நாள் தட்டணுக்கள் 88,000-ஆக உயர்ந்தது அந்த வரிக்கு வலுவூட்டியது. நஞ்சுக்கொடியின் போதாமையால் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குத் தட்டணுக்கள் முதல் சில நாள்கள் இறங்கிப் பின் தானே ஏறுவது வழக்கம் என்பதால், அந்த விளக்கமே போதுமென்று தோன்றியது. எட்டாம் நாள் செவித்திறன் சோதனையில் இடது காது தேறவில்லை. காதில் நீர் தங்கியிருக்கலாம், ஆறாவது வாரம் மீண்டும் பார்க்கலாம் என்று குறிப்பு எழுதப்பட்டது.

ஒரு வெற்றுக் கட்டம்

ஒன்பதாம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தைத் தயாரித்த பயிற்சி மருத்துவர், தலைச் சுற்றளவுக்கான கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு தானே அளந்தார். 30.5 செ.மீ. வளர்ச்சி வரைபடத்தில் குறித்தபோது அது 3-ஆவது சதமானத்துக்குக் கீழே விழுந்தது; அதாவது நூறு குழந்தைகளில் 97 பேருக்கு மேல் இதைவிடப் பெரிய தலை இருக்கும். இரண்டாவது முறையும் வேறொருவர் அளந்தார், எண் மாறவில்லை.

இந்த ஒரே அளவு நோயறிதலின் திசையைத் திருப்பியது ஏன் என்பதை விளக்க வேண்டும். நஞ்சுக்கொடி போதாமல் சிசு மெலியும்போது உடல் தன் இரத்த ஓட்டத்தை மூளைக்குத் திருப்பிவிடுகிறது. வயிறு மெலியும், எடை குறையும், தலை மட்டும் தப்பிப் பிழைக்கும். இந்தக் குழந்தையிடம் தலையும் சேர்ந்தே சிறுத்திருந்தது. கொப்பூழ்க்கொடியின் இரத்த ஓட்டமோ கடைசிவரை இயல்பாக இருந்தது. அப்படியானால் பற்றாக்குறையைவிட, கருவையே நேரடியாகத் தாக்கிய ஒன்றைத்தான் முதலில் தேட வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் தட்டணு வகை ஒவ்வாமையால் ஏற்படும் குறைபாட்டில் தட்டணுக்கள் இதைவிடத் தாழலாம். ஆனால் கல்லீரல் வீங்காது, நேரடி பிலிருபின் உயராது. பித்தநாள அடைப்பில் நேரடி பிலிருபின் உயரும். ஆனால் முதல் வாரத்திலேயே மண்ணீரல் பெருப்பதும் செம்புள்ளிகள் தோன்றுவதும் அதன் போக்கு அன்று, மலமும் மஞ்சளாகவே இருந்தது. சிறுத்த தலை, செம்புள்ளி, பெருத்த கல்லீரலும் மண்ணீரலும், நேரடி பிலிருபின், தேறாத இடது காது ஆகிய ஐந்தையும் ஒரே காரணத்தால் விளக்க முடிகிற நோய்கள் மிகச் சிலவே. தலை அளவைத் தவிர மற்ற நான்கும் அதற்கு முன்பே ஒரே கோப்பில், வெவ்வேறு பக்கங்களில் கிடந்தன.

வீட்டுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. அன்றே உச்சிக்குழி வழியாக மூளை அல்ட்ராசவுண்ட் எடுக்கப்பட்டது. மூளை அறைகளின் ஓரமாக நுண்ணிய கால்சியப் படிவுகளும், இருபுறமும் அடித்தள நரம்பணுத் திரளுக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் கிளைக் கம்பிகளைப் போல ஒளிரும் தோற்றமும், இடது அறையின் அடியில் ஒரு சிறு நீர்க்கட்டியும் தெரிந்தன.

சிறுநீர் ஒட்டுப்பையில் சேகரிக்கப்பட்டு, வைரஸின் மரபணுப் பொருளையே நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனைக்கு, சைட்டோமெகலோ வைரஸைத் தேடுமாறு, ஒன்பதாம் நாளே அனுப்பப்பட்டது. பால் குடித்து ஒன்றரை மணி நேரம் கழித்துக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் உமிழ்நீரும் எடுக்கப்பட்டது. இந்த இடைவெளி அற்பச் சடங்கு அன்று: தாய்ப்பாலில் வைரஸ் இருக்கக்கூடும், பால் குடித்த உடனே எடுத்த உமிழ்நீரில் அந்தப் பாலின் வைரஸே பிசிஆரில் தெரிந்துவிடும். அதனால்தான் உமிழ்நீரில் வைரஸ் தெரிந்தால் சிறுநீரிலும் உறுதி செய்ய வேண்டும் என்கிறோம். பன்னிரண்டாம் நாள் இரண்டு மாதிரிகளிலும் வைரஸ் இருப்பது உறுதியானது.

'ஐஜிஎம் இல்லை' என்பதன் பொருள்

குழந்தையின் இரத்தத்தில் இருந்த ஐஜிஜி பெரும்பாலும் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி கடந்து வந்தது. தாய்க்குத் தடுப்பூசியாலோ பழைய தொற்றாலோ எது இருந்ததோ அதுவே குழந்தையிடமும் இருக்கும். எனவே குழந்தையின் ஐஜிஜி அறிக்கை உண்மையில் தாயைப் பற்றிய அறிக்கை. ஐஜிஎம் நஞ்சுக்கொடியைக் கடக்காது. ஆகவே குழந்தையிடம் அது இருந்தால் குழந்தை தானே உண்டாக்கியது என்பது ஏட்டுத் தருக்கம். அந்தத் தருக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஐஜிஎம் இல்லாவிட்டால் தொற்றே இல்லை என்று முடிவு செய்யும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. கருவில் தொற்றுக்கு ஆளான குழந்தையின் முதிராத நோயெதிர்ப்பு, அளந்தறியும் அளவுக்கு ஐஜிஎம் உண்டாக்காமல் போவது மிகச் சாதாரணம். சைட்டோமெகலோ வைரஸைப் பொறுத்தவரை ஐஜிஎம் இல்லை என்ற அறிக்கையால் எதையும் விலக்க முடியாது. இருக்கிறது என்று வந்தாலும், பிரசவத்தின்போது தாயின் இரத்தம் சிறிது கலந்ததாலும் பொய்யாக வரலாம் என்பதால், அதைக் கொண்டு எதையும் உறுதி செய்துவிடவும் இயலாது.

'டார்ச்' என்ற சுருக்கப் பெயரை 1971-இல் ஆந்த்ரே நாமியாஸும் உடன் பணியாற்றியோரும் முன்வைத்தார்கள். டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பீஸ் ஆகியவை பச்சிளங்குழந்தையிடம் ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன, ஆகவே ஒன்றை நினைக்கும்போது மற்றவற்றையும் நினையுங்கள் என்பதற்கான நினைவுக் குறியாக அது பயன்பட்டது. ஒன்றாக நினைக்க வேண்டியவை ஒரே குழாய் இரத்தத்தில் சோதிக்க வேண்டியவையாக எப்போது மாறின என்று தெரியவில்லை, ஆனால் மாறிவிட்டன. என் பார்வையில், கோரிக்கைச் சீட்டில் அந்தச் சொல்லை எழுத அனுமதிக்காமல், ஐயப்படும் கிருமியின் பெயரையும் அதற்குரிய மாதிரியையும் எழுதச் சொல்வதே நல்ல ஏற்பாடு. ஏனெனில் ஒவ்வொரு கிருமிக்கும் மாதிரி வேறு. சைட்டோமெகலோ வைரஸ் சிறுநீரகக் குழல்களின் உட்சுவரில் பெருகி ஏராளமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. இரத்தத்தில் அது குறைவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஹெர்பீஸுக்குக் கண், வாய், மூக்கு, மலவாய் ஆகிய இடங்களின் மேற்பரப்பிலிருந்து பஞ்சுக்குச்சி மாதிரிகள் வேண்டும். சிபிலிஸுக்குத் தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் சோதிக்கப்பட்டு, குழந்தையின் அளவு தாயினுடையதைப்போல நான்கு மடங்கு உள்ளதா என்று ஒப்பிடப்பட வேண்டும்.

மற்றவை எவ்வாறு விலக்கப்பட்டன

சிறுநீரில் வைரஸ் தெரிந்ததும் பிற தேடலைக் கைவிடவில்லை; இரு தொற்றுகள் ஒரே குழந்தையிடம் இருக்கக்கூடும். தாயின் சிபிலிஸ் சோதனை கர்ப்பத் தொடக்கத்திலும் பிரசவத்தின்போதும் எதிர்மறையாக இருந்தது. எதிர்ப்புப் புரதம் மிக அதிகமாக இருந்தாலும் சோதனை பொய்யாக எதிர்மறை காட்டும் என்பதால், மாதிரியை நீர்த்துச் சோதிக்குமாறு ஆய்வகத்திடம் தனியே கேட்கப்பட்டது, முடிவு மாறவில்லை. நீள எலும்புகளின் எக்ஸ்-ரே இயல்பு. தாய்க்கு எச்ஐவி இல்லை. ஹெர்பீஸ் மேற்பரப்பு மாதிரிகளில் எதுவும் இல்லை, கொப்புளங்களும் இல்லை.

ரூபெல்லா பற்றி அதிகம் ஐயம் எழவில்லை: தாய் தடுப்பூசி போட்டவர், குழந்தையின் கண்ணில் புரை இல்லை, இதய எக்கோவில் குறை இல்லை. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னதிலிருந்தே, பிறவித் தொற்று என்ற ஐயம் எழும்போதெல்லாம் கண்ணைப் பார்க்கும் பழக்கம் நிலைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நாள் கண் மருத்துவர் கண்மணியை விரித்துப் பார்த்தார். விழித்திரையில் அழற்சியோ தழும்போ இல்லை.

டாக்ஸோபிளாஸ்மாவுக்குத்தான் காத்திருக்க வேண்டியதாயிற்று. தாயின் ஐஜிஜி வலுவான பிணைப்புத்திறன் கொண்டது என்று முதல் மூன்று மாதச் சோதனையிலேயே தெரிந்ததால் தொற்று கர்ப்பத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். குழந்தையிடம் ஐஜிஎம், நஞ்சுக்கொடியைக் கடக்காத மற்றோர் எதிர்ப்புப் புரதமான ஐஜிஏ இரண்டும் இல்லை. கால்சியப் படிவுகளும் அறைகளின் ஓரமாகவே இருந்தன. டாக்ஸோபிளாஸ்மாவில் அவை மூளை முழுதும் சிதறிக் கிடக்கும், மூளை அறைகள் நீர் கோத்து விரியும். 2015-16 ஆண்டுகளில் பிரேசிலில் சிறுதலைக் குழந்தைகள் பிறக்கக் காரணமான ஸிக்கா வைரஸில் அவை பெரும்பாலும் புறணிக்கும் வெண்பொருளுக்கும் இடைப்பட்ட எல்லையில் படியும். படிவின் இடம் வழிகாட்டுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது. ஆகவே குழந்தையிடம் உள்ள டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி தாயுடையதா அல்லவா என்பதைக் காலம்தான் காட்டும் என்று விடப்பட்டது.

சிறுநீரில் வைரஸ் இல்லாமல் போயிருந்தால், பிறவித் தொற்றைப் போலவே தோற்றமளிக்கும் மரபணு நோய்களை, முதன்மையாக ஐகார்டி-குதியேர் நோயை, தேடியிருக்க வேண்டும்.

தண்டுவட நீர் எடுப்பதா என்று விவாதம் நடந்தது. எடுக்கவில்லை. முடிவு எப்படி இருந்தாலும் சிகிச்சை மாறாது என்ற நிலையில், தட்டணு குறைந்த குழந்தையின் முதுகில் ஊசி செலுத்த நியாயம் இல்லை.

21 என்ற எண்

சைட்டோமெகலோ வைரஸ் பிரசவப் பாதையிலும் தாய்ப்பாலிலும் குழந்தைக்குத் தொற்றலாம். நிறைமாதக் குழந்தைக்கு அவ்வாறு தொற்றுவதால் பெரும்பாலும் கேடு இல்லை. செவியும் மூளையும் பாதிக்கப்படுவதில்லை. அப்படித் தொற்றிய வைரஸ் குழந்தையின் சிறுநீரில் தென்பட மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். ஆகவே முதல் 21 நாள்களுக்குள் எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்தால் அது கருவில் வந்தது. அதற்குப் பின் எடுத்ததில் இருந்தால் எப்போது வந்தது என்று சொல்ல வழியில்லை. இந்தக் குழந்தை ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போய் ஆறாவது வாரம் மீண்டும் வந்திருந்தால், அதே சிறுநீர், அதே சோதனை, அதே முடிவு, ஆனால் பொருளில்லாத முடிவாகியிருக்கும்.

கெடு தாண்டினால் எஞ்சும் வழி, பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகளைக் கண்டறியக் குதிகாலில் குத்தி எடுத்து, தாளில் உலர்த்திச் சேமிக்கும் இரத்தப் பொட்டு. ராபர்ட் கத்ரி 1960-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அந்தத் தாள் பாதுகாக்கப்பட்டிருந்தால் அதில் பிசிஆர் செய்யலாம். ஆனால் ஒரு பொட்டில் இருப்பது சில துளி இரத்தம். இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்த குழந்தையை அது தவறவிடும். அதில் வைரஸ் தெரிந்தால் ஏற்கலாம். தெரியாவிட்டால் விலக்க முடியாது.

தாயின் கேள்வி

நோயைப் பற்றிப் பெற்றோரிடம் விளக்கியபோது தாய் கேட்டார்: "எனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பத்தாவது வாரத்திலேயே சொன்னார்களே, டாக்டர்; பிறகு குழந்தைக்கு எப்படி வந்தது?" கேள்வி நியாயமானது, பதிவேட்டில் அந்த வரியை எழுதியவர்தான் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். ரூபெல்லாவில் பழைய எதிர்ப்புச் சக்தி கருவை ஏறத்தாழ முழுமையாகக் காக்கும். சைட்டோமெகலோ வைரஸ் அப்படியன்று. ஒருமுறை உடலுக்குள் வந்தால் உறங்கிக் கிடந்து மீண்டும் விழிக்கக்கூடும், வேறொரு வகை வைரஸ் புதிதாகவும் தொற்றக்கூடும். கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றும்போது மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலான கருக்களுக்குப் பரவுகிறது. முன்பே தொற்று இருந்த தாயிடமிருந்து பரவும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான பெண்கள் முன்பே தொற்றுக்கு ஆளான மக்கள்தொகையில், பிறவித் தொற்றுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகைத் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். காப்பகத்துக்குச் செல்லும் சிறு குழந்தைகளின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் வெளியேறும் என்பதால் மூத்த குழந்தையிடமிருந்து வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, யார் மீதும் குற்றமும் இல்லை என்று தாயிடம் விளக்கப்பட்டது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா என்று அடுத்துக் கேட்டார். நிறுத்த வேண்டியதில்லை.

சிகிச்சையும் பின்தொடர்தலும்

பதினான்காம் நாள் மூளைத்தண்டுச் செவித்தூண்டல் சோதனையில் இடது காதின் கேட்புவரம்பு (கேட்கத் தேவைப்படும் மிகக் குறைந்த ஒலியளவு; எண் கூடினால் செவித்திறன் குறைவு) 60 டெசிபல். வலது காது இயல்பு. பதினாறாம் நாள் எம்ஆர்ஐ-யில் பொட்டுமடலின் முன்பகுதி வெண்பொருளில் மாற்றமும் இடப்புறம் சிறு நீர்க்கட்டியும் தெரிந்தன. மூளை மடிப்புகள் இயல்பாக அமைந்திருந்தன.

மைய நரம்பு மண்டலப் பாதிப்புடன் கூடிய பிறவித் தொற்று என்பதால், பதினேழாம் நாள் வால்கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு வாய்வழி மருந்து, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 16 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை தொடங்கப்பட்டது. முதல் மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளிடம் ஆறு வாரச் சிகிச்சையை ஆறு மாதச் சிகிச்சையுடன் ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வில், ஆறாவது மாதத்தில் செவித்திறனில் வேறுபாடு தெரியவில்லை. 12, 24 மாதங்களில் நீண்ட சிகிச்சை பெற்றவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள். 'ஓரளவு' என்ற சொல்லை விடாமல் பெற்றோரிடம் சொல்லப்பட்டது; இழந்த செவித்திறனை இம்மருந்து மீட்டுத் தராது. விலங்குகளில் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதித்ததும் புற்றுநோயை உண்டாக்கியதும் அறியப்பட்ட மருந்து என்பதால், அதை அளந்து ஊட்டும்போது கையுறை அணியுமாறும் கற்றுக்கொடுக்கப்பட்டது.

வாரந்தோறும் வெள்ளணு எண்ணிக்கை பார்க்கப்பட்டது. சிகிச்சையின் ஐந்தாவது வாரத்தில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 460-ஆக இறங்கியதால் மருந்து நிறுத்தப்பட்டு, ஆறு நாளில் 750-ஐத் தாண்டியதும் மீண்டும் தொடங்கப்பட்டது. குழந்தையின் எடை கூடக்கூட ஒவ்வொரு மாதமும் மருந்தளவு திருத்தப்பட்டது. மண்ணீரல் மூன்றாம் மாதத்தில் சுருங்கியது. நேரடி பிலிருபின் அதற்கு முன்பே இயல்புக்கு வந்துவிட்டது. நான்காம் மாதத்தில் இடது காதின் கேட்புவரம்பு 75 டெசிபலாக மோசமடைந்ததால் செவிக்கருவி பொருத்தப்பட்டது.

ஓராண்டு நிறைவில் எடுத்த இரத்தத்தில் டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி முற்றிலும் மறைந்திருந்தது. பிறந்தபோது இருந்தது தாயினுடையது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. குழந்தை தானே உட்கார்ந்தது. நடை 16-ஆவது மாதத்தில் வந்தது. தலைச் சுற்றளவு இன்னும் 3-ஆவது சதமானத்துக்குக் கீழேயே, ஆனால் அதற்கு இணையான கோட்டில், ஏறிவருகிறது.

பிறவி சைட்டோமெகலோ தொற்றில் பிறக்கும்போது நன்றாகக் கேட்ட காதும் பின்னர் கேட்காமல் போகலாம் என்பதால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பின்பு பள்ளி வயது வரை ஆண்டுக்கு ஒருமுறையும் செவிச் சோதனை திட்டமிடப்பட்டிருந்தது. 12-ஆவது மாதத்தில் வலது காது இயல்பாக இருந்தது. 18-ஆவது மாதச் சோதனையில் வலது காதின் கேட்புவரம்பு 40 டெசிபல். நடுக்காதில் நீர் இல்லை என்பது அன்றே உறுதி செய்யப்பட்டது. வலது காதுக்கும் செவிக்கருவிக்கான அச்சு எடுக்கப்பட்டு, சோதனைகளின் இடைவெளி மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டுள்ளது.